பகல் தூக்கம், ஒன்றரை டன்

17-9-2002, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். ஏசியின் ஃபில்டரைக் குழாயடியில் கழுவி, சரியாகக் காயவிடாமல் ஈரத்தோடு மாட்டிவிட்டேன். வகுப்பில் இதை இரண்டு முறை சொன்னார்கள். நானும் இரண்டு முறை எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதும் தெரிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அண்ணன் இன்று தூங்கியது இரண்டு மணி இருபது நிமிடம்.

இதை எழுதி முடித்த செசிலியா, பேனாவை மூடாமல் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபில்டரில் இருந்த ஈரம் அரை மணியில் காய்ந்திருக்கும். அதற்காக ஒரு மனிதன் ஆறு மணி நேரம் தூங்கவேண்டிய இடத்தில் இரண்டே மணி நேரம் தூங்குவானா? தூங்கமாட்டான் என்றும் சொல்ல முடியவில்லை, தூங்குவான் என்றும் சொல்ல முடியவில்லை. 'காரணம் இதுவாக இருக்கலாம்' என்று ஓரத்தில் எழுதினாள். 'இல்லாமலும் இருக்கலாம்' என்று அதன் கீழேயே இன்னொரு வரி சேர்த்தாள்.

அவள் அண்ணன் பவுல்ராஜ் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். பழுப்பு நிலக்கரியும் மண்ணுமாக மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டை ஒரு சின்னக் கேபினுக்குள் உட்கார்ந்தபடி கவனிக்கிற வேலை. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட். போன முறை வந்த இரவு ஷிப்டில், விடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், உட்கார்ந்த வாக்கில் அவனுக்குக் கண் சொருகிவிட்டது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். அதற்குள் ரவுண்ட்ஸ் வந்த இன்ஜினியர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மெமோ வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் கேபினிலிருந்து இறக்கி வெளிவேலைக்கு, யார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று வாய்மொழியாகவும் சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியோடு நின்று ஏறிய கேபின் அது.

இரவில் விழித்திருக்க வேண்டுமென்றால் பகலில் தூங்க வேண்டும். மாடிக் குவார்ட்டர்ஸில் செப்டம்பர் மாதத்துப் பகலில் தூங்குவது லேசில்லை. சாயங்காலம் ஒரு மழை, காலையில் சுள்ளென்று வெயில், நடுவில் ஊரே வேகவைத்த இட்லிப் பானை மாதிரி. அதனால்தான் பவுல்ராஜ் போன சனிக்கிழமை, வடக்குத்து ரோட்டில் கடை வைத்திருக்கும் தனகோட்டியிடமிருந்து ஒன்றரை டன் பழைய ஏசி ஒன்றை வாங்கிப் படுக்கையறை ஜன்னலில் பொருத்தினான். மனைவி ரெஜினா பிரசவத்துக்காக நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தை வரும்போது அந்த அறையில் புழுக்கம் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் மெமோ.

செசிலியாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை குளிர்சாதனப் பழுதுபார்ப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தட்டச்சில் சேரப் போனவள்தான். அங்கே இடம் இல்லை, பக்கத்து அறையில் இருந்தது. பதினான்கு ஆண்களுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். சந்தேகங்களையும் எழுதிக்கொள்வாள். கேட்கமாட்டாள்.

புதன்கிழமை ஃபில்டர் நன்றாகக் காய்ந்திருந்தது. அப்படியும் பவுல்ராஜ் பதினொன்றரைக்கெல்லாம் எழுந்து வெளியே வந்து, ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"என்னண்ணா, ஜில்லுன்னு இல்லியா?"

"ஜில்லுன்னுதான் இருக்குது. ஆனா நசநசன்னு இருக்குது செசி. போர்வையப் போத்துனா ஈரத்துண்டப் போத்திகினு படுத்தா மாதிரி. எடுத்துட்டா குளுருது. இதுல நடுநடுவுல தட்டு தட்டுனு அது வேற நின்னு நின்னு ஓடுது. கண்ண மூடுனா தட்டு. மறுபடி மூடுனா தட்டு. மாமனார் வூட்ல விருந்தாளியா படுத்தா மாதிரி கீது."

செசிலியா நோட்டில் எழுதினாள்: தூக்கம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். குளிர் உண்டு. ஈரம் போகவில்லை. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறது.

அன்று நான்கு மணிக்குத் தனகோட்டி வந்தார். ஏசியின் முகத்தைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், மாடு வாங்க வந்தவர் மாதிரி இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"கேஸ் கம்மியா கீது தம்பி. கடைக்கு எடுத்துகினு போய் கேஸ் ஏத்திக் குடுத்துடறேன். மூணு நாளு."

"மூணு நாளா? எனக்கு ஞாயித்துக்கிழம வரைக்கும் நைட் ஷிப்டுங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? வித்த பொருளு, என் பேரு கெடக் கூடாதுல்ல. நாளைக்கே தூக்கிடறேன்."

செசிலியா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கேஸ் குறைந்தால் உள்ளே காயில் என்கிற குழாய்ச் சுருள் ஒரு பக்கம் மட்டும் குளிரும், மறு பக்கம் வெதுவெதுப்பாக நிற்கும், சில சமயம் பனி படியும் என்று நோட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் ஃபில்டரைக் கழற்றி அவள் காயிலைத் தொட்டுப் பார்த்திருந்தாள். மேலிருந்து கீழ் வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே குளிர். பனியும் இல்லை. அதை இப்போது சொல்லலாமா? தவறாகத் தொட்டிருந்தால்? தனகோட்டி இருபது வருடமாக இதைச் செய்கிறவர். அவளோ வகுப்புக்குப் போக ஆரம்பித்து நான்கு மாதம்.

"காயில் முழுசா குளுருதுங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "கேஸ் கம்மியா இருந்தா அப்படி இருக்காதுங்களே."

தனகோட்டி திரும்பிப் பார்த்தார். "ஓ, பாப்பாதான் அந்த ராத்திரி காலேஜா? சொன்னாங்க, சொன்னாங்க. அப்போ நீயே பாத்துக்கம்மா. நான் எதுக்கு?"

"அண்ணா, எனக்கு ஒரு நாள் குடு. நாளைக்கு ஒரு நாள் பாத்துடறேன்."

பவுல்ராஜ் இருவரையும் பார்த்தான். சண்டைக்கும் தெம்பில்லாத முகம். "சரி. வெள்ளிக்கிழம மத்தியானம் வாங்க தனகோட்டி. வெள்ளிக்கிழமயும் நான் தூங்கலன்னா தூக்கிகினு போயிடுங்க. கேஸோ கீஸோ, எதுவோ ஒண்ணு."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டபோது செசிலியா நோட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். பெரிதாகப் பேசிவிட்டோமோ? அவர் சொல்வது உண்மையாக இருந்தால், இந்தப் பிடிவாதத்தால் அண்ணனுக்கு இன்னும் இரண்டு பகல் தூக்கம் போகும். இரண்டு பகல் தூக்கம் போனால் இரண்டு இரவு கேபினில் என்ன நடக்கும்?

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அளப்பது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்த நாளிலிருந்தே அவள் அளந்துவந்தாள். ஜன்னலிலிருந்து ஒரு டியூப் கீழே இறங்கி, தரை வீட்டின் பின்பக்கம் வைத்திருந்த பெயின்ட் பக்கெட்டில் விழும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏசியை நிறுத்தியதும் கீழே போய் லிட்டர் மக்கால் அளந்து கொட்டுவாள். ஞாயிறு, ஐந்து மணி நேரத்துக்கு நான்கு லிட்டர். திங்கள் மறந்துவிட்டாள். செவ்வாய் நான்கு. புதன் நான்கேகால். எல்லாம் ஒன்று போல இருந்ததால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, மனம் கேட்காமல் முன்னதாகவே கீழே இறங்கினாள். அங்கே தமயந்தி அக்கா பெயின்ட் பக்கெட்டைத் தூக்கி, தன் கத்திரிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தமயந்தி தரை வீட்டுக்காரி. அவள் கணவன் மாடசாமியும் பவுல்ராஜும் ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு மேஜை.

"அக்கா! அத ஏன் கொட்டுறீங்க?"

"ஏன், ஒங்க ஏசி தண்ணிக்கு ரேஷன் கார்டு வேணுமா? தெனம் இந்நேரத்துக்கு அரை பக்கெட்டுக்கு மேல ரொம்பிகினு கீது. வழிஞ்சா என் சமயக்கட்டுதான் சகதி ஆவும். அதான் செடிக்கு ஊத்தறேன்."

"தெனமுமா?"

"ஆமா. முந்தாநேத்து, நேத்து, இன்னைக்கி."

"ஞாயித்துக்கிழம?"

"அன்னைக்கி நான் எங்க இருந்தேன்? கடலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன்ல. ஏன்டீ, தண்ணியப் போய் இப்டி விசாரணை பண்ற?"

செசிலியா அதற்குள் படியேறிவிட்டாள். நோட்டைத் திறந்து செவ்வாய், புதன் இரண்டு நாள் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அரை பக்கெட் என்றால் ஐந்து லிட்டர். செவ்வாய்க்கிழமை நான்கு இல்லை, ஒன்பது. புதனும் ஒன்பதுக்குமேல். அதே அறை, அதே ஏசி, அதே வானிலை. ஞாயிறன்று ஐந்து மணி நேரத்தில் நான்கு லிட்டர் எடுத்த மிஷின், மற்ற நாட்களில் ஆறு மணி நேரத்தில் ஒன்பது லிட்டர் எடுக்கிறது. மிஷின் சோம்பேறி இல்லை. மாடாக உழைக்கிறது. அப்படியானால் அந்த அறைக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அவள் படுக்கையறைக் கதவை ஓசைப்படாமல் திறந்தாள்.

ஏசியின் முகத்துக்கு எதிரே, இரண்டு அடி தள்ளி, சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் துணி தொங்கியது. அண்ணனின் காக்கி யூனிஃபார்ம். அதன் பக்கத்தில் மாடசாமியின் காக்கி யூனிஃபார்ம். ஒரு பெட்ஷீட், இரண்டு துண்டு, தமயந்தி வீட்டு மெத்தை உறை ஒன்று.

அந்தக் கொடியைக் கட்டியது அவளேதான், திங்கள்கிழமை. நெய்வேலியில் துணியை வெளியே காயப்போட்டால், காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துக் கரித்தூசி படியும். மழைக்காலத்தில் காயவும் காயாது. இருக்கிற இரண்டு யூனிஃபார்மில் ஒன்றில் கிரீஸ் கறை, இன்னொன்றைத் தினமும் துவைத்தாக வேண்டும். ஏசி அறையில் போட்டால் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று கண்டுபிடித்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனுக்கும்தான். சட்டை அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கிறது என்று கேன்டீனில் மாடசாமியிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை தமயந்தி ஒரு பக்கெட் ஈரத்துணியோடு மேலே வந்துவிட்டாள்.

செசிலியா கையில் கடிகாரத்தோடு அசையாமல் நின்றாள். கம்ப்ரஸர் நான்கு நிமிடம் ஓடியது. தட். மூன்று நிமிடம் சும்மா இருந்தது. தட். ஓடியது. காற்று நேராகப் போய் ஈரத் துணியில் மோதி, வந்த வழியே ஏசியின் முகத்துக்குத் திரும்பி வருவது அவள் கன்னத்திலேயே பட்டது. தன் குளிரைத் தானே குடித்துவிட்டு, அறை முழுவதும் குளிர்ந்துவிட்டதென்று நம்பி மிஷின் நின்றுவிடுகிறது. நிற்கிற நேரத்திலும் விசிறி சுற்றி, துணியின் ஈரத்தை அண்ணன் மேல் ஊதுகிறது. அவள் இரண்டு யூனிஃபார்மையும் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்கு நிமிடம் ஆயிற்று. ஆறு. ஒன்பது. தட் வரவில்லை. பதினொன்றாவது நிமிடம் கை வலித்தது. அப்போதும் வரவில்லை.

"யாருடீ அது, பேய் மாதிரி," என்றான் பவுல்ராஜ் கட்டிலிலிருந்து. அவன் தூங்கவே இல்லை.

"ஒண்ணுமில்லண்ணா. படு."

துணிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனாலும் அவளுக்கு நிச்சயம் போதவில்லை. காய்ந்த யூனிஃபார்ம் ஒன்றை எடுத்து, ஐந்து லிட்டர் அளந்து வைத்த தண்ணீரில் முக்கி, பலம்கொண்ட மட்டும் பக்கெட்டுக்குள்ளேயே பிழிந்தாள். பிறகு மீதித் தண்ணீரை மக்கால் அளந்தாள். நான்கேகால். ஆக, நன்றாகப் பிழிந்த ஒரு செட் காக்கித் துணிக்குள் முக்கால் லிட்டர் ஒளிந்திருக்கிறது. கொடியில் இருந்ததையெல்லாம் கூட்டினால் மூன்று, மூன்றரை லிட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையின் நான்கு லிட்டரைச் சேர்த்தாலும் ஒன்பதுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. மீதி, ஏசியைச் சுற்றிய பிளைவுட் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே வருகிற வெளிக்காற்றாக இருக்கலாம். 'கணக்கு முழுதாகச் சேரவில்லை' என்று எழுதினாள். 'ஆனால் திசை தெரிகிறது.'

இரண்டு மணிக்குப் பவுல்ராஜ் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள்.

"அண்ணா, தப்பு எம்மேலதான். அந்தக் கொடி கட்டுனது நானு. ஏசி உன்னக் குளுர வெக்கல, ஊரு துணியக் காயவெச்சிகினு இருந்துது."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் வந்தது வேறு ஒன்று.

"அய்யய்யோ. மாடசாமிகிட்ட நான்தான் பெருமயா சொன்னேன். இப்பப் போய் ஒங்க துணி வேணாம்னு எப்டி சொல்றது? அன்னைக்கி எனக்கு மெமோ வந்தப்ப, பஸ்ல பூரா எங்கூடவே பேசிகினு வந்தவன் அவன் ஒருத்தன்தான்."

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"நீயா?" சிரித்துவிட்டான். "கடைல மீதிச் சில்லற கேக்கறதுக்கே ரெண்டு வாட்டி யோசிப்ப."

"யோசிச்சிதான் சொல்லப்போறேன்."

சாயங்கால வகுப்பில், நான்கு மாதத்தில் முதல் முறையாகக் கையைத் தூக்கினாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த வேணு சாருக்கே ஆச்சரியம்.

"சார், ஏசி ரூம்ல ஈரத்துணி காயப்போட்டா, தெர்மோஸ்டாட் சீக்கிரம் கட் ஆவுமா சார்?"

"ஏசி வாங்கி, அதுல துணி காயப்போடற வூடும் கீதா?" என்றார் வேணு சார். பதினான்கு பேரும் சிரித்தார்கள். முன் பெஞ்சில் ஒருத்தன், "சார், வத்தல் வடகமும் போடலாமா சார்?" என்றான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொள்ள, ஜன்னல்களைச் சாத்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கேள்வி அப்படியே நின்றுபோனது. காதெல்லாம் சூடாக உட்கார்ந்திருந்த செசிலியா, பதில் தேவைப்பட்டால் அதைத் தானேதான் கண்டுபிடித்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டாள்.

வழியில் சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூபைக் கேட்டு வாங்கிவந்தாள். அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் அதை நீள நீளமாக வெட்டி, பிளைவுட் இடுக்குகளில் கத்தி முனையால் திணித்தாள். ஏசியின் விசிறியை வேகத்திலிருந்து மெதுவுக்கு மாற்றினாள். மெதுவாகப் போகும் காற்றிலிருந்து காயில் அதிக ஈரத்தைப் பிடிக்கும் என்பதும் நோட்டில் இருந்ததுதான். கையை எடுத்த பிறகு ஒரு தயக்கம் வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அப்போதுதான் எதனால் குணமானது என்று தெரியும். துணி, இடுக்கு, விசிறி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நாளைக்கு அவளால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியாமலே போகட்டும், அவன் தூங்கினால் போதும் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பவுல்ராஜ் படுத்தான். அவனுடைய யூனிஃபார்ம் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் தொங்கியது. எட்டரைக்குப் படியில் வளையல் சத்தம் கேட்டது. செசிலியா ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்திக்கொண்டாள். தமயந்தி இடுப்பில் பக்கெட்டோடு கடைசிப் படியில் நின்றாள்.

"என்ன, வாசல்லயே வரவேற்பா?"

"அக்கா, இனிமே ஏசி ரூம்ல துணி போட வேணாங்க்கா. எங்க துணியும் போடல."

"ஏன்?"

"ஈரம் பூரா ரூம்லயே நிக்குது. அண்ணனால தூங்க முடியல."

"ஒரு சட்டை, ஒரு பேன்ட்டு. அதுல ஒங்கண்ணன் முழுவிடுவாரா?"

"ஒரு செட்ல முக்கா லிட்டர் தண்ணி இருக்குதுக்கா. அளந்து பாத்தேன்."

"அளந்து பாத்தியா!" தமயந்தி பக்கெட்டை டம்மென்று கீழே வைத்தாள். "நேத்து செடிக்கு ஊத்துன தண்ணிக்கும் அளவு எழுதி வெச்சிருப்பியே. ஏசி வாங்குனீங்க, நல்லா இருங்க. அதுக்குன்னு வாசல்ல வாட்ச்மேன் வேற போடணுமா? எங்க வூட்டுக்காரரு சட்டைல என்ன, சீக்கா இருக்குது?"

செசிலியா கதவோடு சாய்ந்து நின்றாள். 'இன்னைக்கி ஒரு நாள் போடுங்க' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே ஏசி ஓடுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்டது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னொரு வாட்டி கேபின்ல அவுரு கண்ண மூடுனா யார்டுக்கு மாத்திடுவாங்க. ஒங்களுக்கே தெரியும். நீங்க எம்மேல கோவப்படுங்க. ஆனா துணி உள்ள வராது."

தமயந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு வாயும் உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு, படிக்கு ஒரு சத்தம் வீதம் இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் கீழே, சரியாகப் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் இருந்த துவைக்கல்லில், டபார் டபார் என்று துணி அடிபட ஆரம்பித்தது. நேற்றே துவைத்து முடித்த மெத்தை உறையும் அதில் இருந்தது.

செசிலியா ஹாலில் உட்கார்ந்து, அரை ஈரத்தில் இருந்த யூனிஃபார்மை இஸ்திரி போட்டே உலர்த்தினாள். ஆவி முகத்தில் அடித்தது. பத்து மணி. கதவு திறக்கவில்லை. பதினொன்று. பதினொன்றரை. செவ்வாயும் புதனும் எழுந்து வந்த நேரம் தாண்டியது. உள்ளே போய்ப் பார்க்கக் கை பரபரத்தது. கதவைத் திறந்தால் அந்தச் சத்தத்திலேயே எழுந்துவிடுவானோ என்று போகாமல் இருந்தாள். பன்னிரண்டே காலுக்குத் தனகோட்டி ஒரு மீன்பாடி வண்டியோடு வந்து, கீழே இருந்தே குரல் கொடுக்க வாயைத் திறந்தார். அவள் படியில் பாதி தூரம் பறந்து வந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"தூங்கறாருங்க."

"இன்னுமா?"

"எட்டு பத்துலேருந்து."

தனகோட்டி வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "கேஸ் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கணும்," என்றார் குரலைத் தாழ்த்தி. "சத்தத்துலயே தெரிஞ்சிது."

"இருக்கலாங்க. அடுத்த வாரம் அண்ணன் பகல் ஷிப்ட் போறப்ப வந்து பாருங்க. இப்ப வேணாம்."

"வண்டி கொண்டாந்துட்டேனேம்மா."

"உக்காருங்க. மோர் தரேன். ஆனா மேல வராதீங்க."

அவர் தமயந்தி வீட்டு வாசல் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, வெறும் வண்டியோடு போனார். துவைக்கல் சத்தம் எப்போது நின்றது என்று செசிலியா கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. பவுல்ராஜின் கன்னத்தில் தலையணை மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் மாதிரி ஹாலைப் பார்த்தான்.

"மணி என்னா?"

"ஒண்ணு அம்பது."

"பொய் சொல்லாத."

அவள் கடிகாரத்தைக் காட்டினாள். அவன் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சோறு போடு," என்றான். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, பாதியில் நிறுத்திக் கேட்டான். "தமயந்தி அக்கா என்ன சொன்னாங்க?"

"வாட்ச்மேன்னாங்க."

"பஸ்ல இன்னைக்கி மாடசாமி எம்பக்கத்துல உக்காரமாட்டான்."

"உக்காரலன்னா நின்னுகினு வரட்டும். நீ கேபின்ல முழிச்சிகினு இருப்பல்ல?"

"இருப்பேன்," என்றான் பவுல்ராஜ். ரசத்துக்குக் கையை நீட்டினான்.

ஆனால் செசிலியாவுக்குத் தெரியும். மாடசாமிக்கும் அதே இரவு ஷிப்ட். அவருக்கும் நாளைக்குக் காய்ந்த யூனிஃபார்ம் வேண்டும். அவர் வீட்டில் ஏசி இல்லை. வெளியே கரித்தூசி, சாயங்காலம் மழை. இதை அண்ணன் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று விட்டுவிட முடியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். படிக்கட்டு முடிகிற இடத்தில், மேலே கூரையும் மூன்று பக்கம் சுவருமாக ஒரு சின்ன அறை போல இருந்தது. யாரும் எதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை. கரி வராது, மழை வராது. கதவைத் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடியது.

அன்று வகுப்பு முடிந்து வந்ததும் நோட்டைத் திறந்தாள்.

20-9-2002, வெள்ளி.

தூக்கம் ஐந்து மணி நாற்பது நிமிடம். பக்கெட்டில் தண்ணீர் ஐந்து லிட்டர். இன்று யாரும் எடுத்து ஊற்றவில்லை. கம்ப்ரஸர் எத்தனை முறை நின்றது என்று எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டும். துணியா, இடுக்கா, விசிறியா, எதனால் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்னும் இரண்டு பகல் இருக்கிறது.

நாளை: காலை ஏழரைக்குள் மொட்டைமாடிப் படி உச்சியில் கொடி கட்ட வேண்டும். ஆணி நான்கு, நைலான் கயிறு முப்பது அடி, இரண்டு வரிசை, இரண்டு வீட்டுக்கும். கட்டிய பிறகு கீழே போய்த் தமயந்தி அக்காவிடம் நானே சொல்ல வேண்டும். அவர்களுடைய ஈரப் பக்கெட்டை நானே மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.